மட்டை ஊறிய தண்ணீரும் சம்பும்



கேரளத்தின் அஷ்டமுடி, கடினங்குளம் காயல் ஓரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் மட்டை ஊறிவருகிறது. பச்சை மட்டைகளை நீரில் அமிழ்த்தி, மேலே ஓலையும் சேறும் போட்டு மூடுவார்கள். மாதக்கணக்கில் கிடக்கும். நாரைப் பிணைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்த பிறகு எடுத்து அடித்தால், பொன்னிற நார் பிரிந்து வரும். கயிறு திரிக்க அதற்கு இணை கிடையாது.

தண்ணீருக்கோ அது பெருங்கேடு. மட்டையிலிருந்து இறங்கும் பாலிஃபீனால்கள் நீரைக் கருக்கவைக்கின்றன. கரைந்திருக்கும் ஆக்சிஜன் அற்றுப்போய், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது. மீனும் சிப்பியும் அங்கே பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்த நீரில் இறங்கித்தான் தொழிலாளர்கள் மட்டை அள்ளுகிறார்கள்.

இத்தகைய நீரைச் செடிகளைக் கொண்டு சுத்தப்படுத்த வழி உண்டு. 1950களில் ஜெர்மனியின் பிளோன் நகரில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர், ஃபீனால் கலந்த கழிவுநீரை ஏரிக்கோரையைக் கொண்டு சுத்தப்படுத்த முடியுமா என்று சோதித்தார். முடிந்தது. இன்று உலகெங்கும் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நாணல் படுகைகளுக்கு அந்த ஆய்வுகள்தான் வழிகாட்டி.

நம் குளக்கரைச் சம்பும் அத்தகைய நீர்ச்செடிதான். அதன் இலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தேன்கூடு போலக் காற்றறைகள் தெரியும். அவற்றின் வழியே காற்று வேர்வரை இறங்குகிறது. வேரைச் சுற்றிக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு கழிவைச் சிதைக்கின்றன. சுத்தம் செய்வதில் பெரும்பங்கு அவற்றுடையதே. சம்பு அவற்றுக்கு வீடும் மூச்சும் தருகிறது. ஆனால் கருநீரை அப்படியே விட்டால் சம்பும் தாங்காது. முதலில் தொட்டியில் தேக்கி, கசடு படியவிட்டு, பிறகு சம்பு நட்ட சரளைப் படுகை வழியே மெல்ல ஓடவிட வேண்டும். ஆகாயத்தாமரையும் உதவும்; ஆனால் அவ்வப்போது அறுத்து அகற்றாவிட்டால், அது அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் சிக்கல் வேறு. அங்கே ஏற்றுமதிக்காகத் தென்னை நார்க்கழிவைக் கழுவுகிறார்கள். பொட்டாசியமும் சோடியமும் உப்பாக இறங்குகின்றன. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் நார்த் தொழிலை, மாசற்றதாகக் கருதப்படும் வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. கழுவலில் இறங்கும் உப்பைச் சம்பு அதிகம் தின்னாது. செடி நீரை ஆவியாக்க ஆக்க, மிஞ்சுவதில் உப்பு ஏறத்தான் செய்யும்.

ஆகவே, நார் ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழுவிய நீரை மண்ணில் விடாதீர்கள். தளமிட்ட தொட்டியில் பிடித்து, அடுத்த கழுவலுக்கே திருப்புங்கள். மட்டை ஊறிய நீருக்குச் சம்புப் படுகை போடுங்கள்.