பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறோம்?

(தோட்டத் தாய் தந்தையருக்கான கூட்டமொன்றில் நிதியத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறோம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச்சு. போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் கடனும் பிள்ளைகளின் படிப்பும் எப்படி ஓடுகிறது என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அம்மா போனபின் பிள்ளையைப் பார்க்கிற ஆள் யார், அந்த ஆளை அரசாங்கம் எப்படி விசாரிக்கிறது, அந்த விசாரணைக்கு யார் செலவு செய்கிறார், இவைதான் எங்கள் கேள்விகள்.

2013ஆம் ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றால், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2022இல், நாடு டொலருக்குத் தவித்த நேரத்தில், அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தார்கள். இரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருந்தால், அதன் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பத்திரம் வேண்டும் என்றார்கள். தகப்பன் வெளிநாடு போனால் இப்படி ஒன்றும் கேட்பதில்லை. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் பிள்ளையைப் பார்க்கிற ஆள் யார் என்று கேட்பது நல்ல கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் எழுதுகிறோம்? படிவத்தில் அம்மாயி பெயர் இருக்கும். அந்த அம்மாயியோ விடிந்தால் மலைக்குப் போய்விடுவார், இல்லாவிட்டால் கண் தெரியாமல் படுத்திருப்பார். உண்மையில் தம்பிக்குச் சோறு ஊட்டுவதும், தண்ணீர் எடுப்பதும், காய்ச்சல் வந்தால் கண் விழிப்பதும் பன்னிரண்டு வயது அக்காதான். அவள் பேர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பாடசாலை இடாப்பிலிருந்தும் மெதுவாக மறைந்துவிடுகிறாள். பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது. அந்த விதியும் இந்தப் படிவமும் ஒரே காம்பராவுக்குள் ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இரவில் யார் யார் படுக்கிறார்கள் என்பதைப் படிவத்தில் எழுதுவோமா? சித்தப்பா வருகிறார், தகப்பனுடைய கூட்டாளி வருகிறார், குடித்துவிட்டு அங்கேயே படுக்கிறார். “சொந்தக்காரங்களையே சந்தேகப்படச் சொல்றீங்களா?” என்று கேட்பீர்கள். மருத்துவமாது மாதா மாதம் பிள்ளையை நிறுத்துப் பார்ப்பது தாயைச் சந்தேகப்பட்டா? பார்க்க வேண்டியதைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

பார்ப்பது என்றாலும் சரியாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறோம். 2002 ஆகஸ்ட்டில் சோஹாம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அந்த ஊர் மேல்நிலைப் பாடசாலையில் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். வேலைக்கு எடுக்குமுன் பொலிஸ் பதிவில் தேடியிருந்தார்கள். ஆனால் அவன் பாவித்த இரண்டு குடும்பப் பெயர்களில் ஒன்றை வைத்து மட்டும் தேடினார்கள். வேறொரு மாவட்டத்தில் அவன்மேல் முன்பு வந்திருந்த பல முறைப்பாடுகள் இந்த ஊருக்கு வந்து சேரவேயில்லை. சேர் மைக்கேல் பிச்சார்ட் விசாரித்து 2004இல் அறிக்கை கொடுத்தார். அதன் பின் அரசாங்கம் காசு செலவழித்து, எல்லா மாவட்டப் பொலிஸ் தகவல்களையும் ஒரே இடத்தில் தேடக்கூடிய ஏற்பாட்டை 2011இல் கொண்டுவந்தது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவர்களின் பின்னணியைப் பார்க்கும் தனி அமைப்பு 2012இல் உருவானது. சம்பளமில்லாத தொண்டர்களுக்கு அங்கே அந்தச் சான்றிதழ் இலவசம்.

இதைத் தோட்டத்தில் ஏன் சொல்கிறோம்? நம்முடைய பெயர்களை நினைத்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, லயத்தில் கூப்பிடுவது இன்னொன்று. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பின்னணி பார்க்க வருகிற உத்தியோகத்தர் எந்தப் பெயரை வைத்துத் தேடுவார்? ஆகவே பிள்ளையைப் பார்க்கப்போகிறவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு, அவருக்கு இருக்கிற எல்லாப் பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

செலவு யாருடையது? இப்போது உங்களுடையது. பிரதேச செயலகத்துக்குப் போனால் பஸ் காசு, ஒரு நாள் பேர் போகும். உத்தியோகத்தர் இல்லையென்றால் இன்னொரு நாளும் போகும். இப்படியிருந்தால் யார்தான் குறுக்கு வழி தேடமாட்டார்கள்? ஏஜண்டு “விசிட் விசாவில் போயிடலாம், ஒண்ணும் கேட்கமாட்டாங்க” என்கிறார். அப்படிப் போனால் பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அதனால் அரசாங்கத்திடம் நாங்கள் கேட்பது இதுதான்: உத்தியோகத்தர்களுக்கு வாகனமும் பயணப்படியும் கொடுத்து, நடமாடும் சேவையாகத் தோட்டத்துக்கே அனுப்புங்கள். தாய் போகுமுன் ஒரு தடவை, போய் மூன்று மாதத்தில் இன்னொரு தடவை. இரண்டாவது தடவைதான் முக்கியம். முதல் தடவை வீடு கழுவித்தான் இருக்கும்.

அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எந்தப் பதிவையும் எவ்வளவு தேடினாலும், யாரோ ஒருவர் முன்பு முறைப்பாடு செய்திருந்தால்தான் அதில் ஏதாவது இருக்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. காசு இல்லை, தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பக்கத்து லயத்துப் பிள்ளைக்காகவும் நீங்கள் பேசலாம். “நமக்கேன் வம்பு” என்று இருந்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைக் காம்பராவில் நிற்போம். வெளிநாடு போக எண்ணமுள்ள தாய்மார், பிள்ளையை உண்மையில் பார்க்கப்போகிறவரையும் அவருடைய அடையாள அட்டையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படிவத்தை உட்கார்ந்து ஒன்றாகவே நிரப்பலாம். தகப்பன்மாரும் வர வேண்டும்.