ஏழைக்கும் அதே லென்ஸ்



மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புரை எடுத்துக்கொள்ள வருகிறவரே தீர்மானிக்கிறார், கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்று. வருமானச் சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வசதியுள்ளவரும் இலவச வரிசையில் நின்றுவிட மாட்டாரா? நிற்கலாம், தடுப்பாரில்லை. அப்படியிருந்தும், கட்டணம் கட்டுவோரின் பணத்திலேயே கட்டாதவர்களுக்கும் வைத்தியம் நடந்து, நிர்வாகமும் சொந்தக்காலில் நிற்கிறது.

இதைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிய மனிதர். 1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கட்டடம் எழும்பக் குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின.

கட்டணப் பிரிவில் தனி அறை, இலவசப் பிரிவில் பொது வார்டு. ஆனால் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் முறைவைத்து மாறி மாறி வேலை பார்ப்பார்கள். பணக்காரருக்கு ஒரு கை, ஏழைக்கு ஒரு கை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சோதனை வேறு வடிவில் வந்தது. 1980-களில், புரை எடுத்த கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. கட்டணம் கட்டியவருக்கு லென்ஸ் கிடைத்தது. இலவசமாக வந்த பெரும்பாலோர் சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் கண்ணாடி தொலைந்தாலோ உடைந்தாலோ பார்வையும் போச்சு.

“இலவசத்துக்கு இது போதாதா?” என்று விட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. மருத்துவமனையினர் விடவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பொது வார்டுக்கும் லென்ஸ் வந்தது. இன்று அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. தங்கள் நிர்வாக முறையையும் பூட்டி வைக்காமல், பயிற்சி நிலையம் அமைத்துப் பிற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கொள்கையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டாத நிறுவனம் இன்று குறைவு. ஆனால் கொள்கை தெரிவது சின்ன வாடிக்கையாளரை நடத்தும் விதத்தில்தான். இங்கே வந்திருக்கும் முதலாளிமார் நாளைக் காலை கடை திறந்ததும் ஒரு பட்டியல் போடுங்கள்: பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு தரம், சின்ன வாடிக்கையாளருக்கு ஒரு தரம் என்று எங்கெங்கே பிரித்து வைத்திருக்கிறீர்கள்? அதில் ஒன்றையாவது இந்த ஆண்டுக்குள் சரிசெய்யுங்கள். சரிசெய்ததை விளம்பரத்தில் போட வேண்டாம். முதலில் உங்கள் ஊழியர்களிடம் சொல்லுங்கள்.