"என்னால முடியாது" என்று ஒரு உறுப்பினர் சொன்னால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பஞ்ச சூத்திரத்தை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் ஒப்பிப்போம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், சரியான திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு. ஆனால் 12 பேர், 20 பேர் ஒன்றாகச் சேர்ந்து வேலை பார்க்கும்போது, ஒருத்தரால் எவ்வளவு முடியும், எங்கே முடியாது என்பதை மற்றவர்கள் எப்படி மதிக்கணும்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறோம்.

குழுவுக்கு ஒரு சமையல் ஆர்டர் வருது என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீடு, 300 பேருக்குச் சாப்பாடு. ஒரு சகோதரி, "சாயந்திரம் 6 மணிக்கு மேல என்னால இருக்க முடியாதுக்கா" என்கிறார். உடனே "ஏன்?" என்று கேட்கிறோம். அதோடு விடுகிறோமா? "நாங்க மட்டும் என்ன வீடு வாசல் இல்லாமலா வந்திருக்கோம்?" என்று பாட்டு ஆரம்பிச்சிடும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிறவராக இருக்கலாம். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கலாம். அதையெல்லாம் 15 பேர் முன்னாடி ஏன் சொல்லணும்? சொல்லக் கூச்சப்பட்டு "சரி வர்றேன்" என்று தலையாட்டுவார். பந்தி போடுகிற நேரத்தில் ஆள் இருக்க மாட்டார். நாம்தான் கரண்டியோடு முழிச்சுக்கிட்டு நிற்கணும்.

6 மணி வரைதான் என்று முன்னாடியே தெரிந்தால், காய் நறுக்குவது, மசாலா அரைப்பது அவருக்கு. பரிமாற வேறு ஆள். கூலியை மணிக்கணக்குப்படி பிரிப்பதா, ஆளுக்குச் சமமா என்று வேலைக்கு முன்னாலேயே தீர்மான நோட்டில் எழுதிவிடலாம்.

"ஆளாளுக்கு இப்படிச் சொன்னா வேலை நடக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒப்புக்கொண்ட வேலையை அவர் செய்தே ஆகணும், அதில் சலுகை கிடையாது. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் தன் அளவைச் சொல்ல மட்டும் விடுவோம்.

ஊக்குநருக்கும் இது உண்டு. ராத்திரி 10 மணிக்கு போன் போட்டு "என் பாஸ்புக் எங்கே?" என்றால் அவரும் பாவம் என்ன செய்வார்? விடிஞ்சு கேட்டால் பாஸ்புக் ஓடிவிடாது.

இப்போது தவணைக்கு வருவோம். இங்கேதான் மனசு உடைந்து, குழுவும் உடைகிறது. ஒருத்தர் இரண்டு தவணை கட்டவில்லை. வங்கியில் குழுவுக்கே பெயர் கெட்டுப்போகும், அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்காக இருட்டின பிறகு நாலு பேர் வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளைகள் காதுபடப் பேசுவது நடக்கிறது.

நுண்கடன் வசூல் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த வழிகாட்டுதலில், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது என்று இருக்கிறது. மிரட்டக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது, பெயரை வெளியில் போடவும் கூடாது. இந்த விதி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான், நம் உள்கடனுக்கு இல்லை. சரி. ஆனால் வெளியாள் செய்யக் கூடாது என்பதை, அக்கா தங்கச்சி என்று கூப்பிடுகிற நாம் செய்யலாமா?

பணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது 20 பேருடைய காசு. அவருக்கு நெருக்கமான ஒருத்தரோ இரண்டு பேரோ பகலில் போய்ப் பேசட்டும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்கட்டும். 1,000 ரூபாய் கட்ட வேண்டியவர் 400 என்றால், உள்கடனாக இருந்தால் கூட்டத்தில் பேசி, தவணையை மாற்றித் தீர்மானம் போடலாம். வங்கிக் கடனாக இருந்தால் நாள் தள்ளாமல் மேலாளரைப் பார்த்துப் பேசணும். கட்ட முடியாது என்று தெரிந்த அன்றைக்கே சொல்வது அந்தச் சகோதரியின் பொறுப்பு. சொன்னதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோகாமல் இருப்பது நம் பொறுப்பு.

அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரை எத்தனை மணிக்குள் போனில் கூப்பிடலாம், யாரால் எந்த நாளில் வெளி வேலைக்கு வர முடியாது என்று அவரவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். காரணம் எழுத அதில் கட்டம் போட வேண்டாம்.