கையெழுத்துப் போட்டது யார்?



ஆய்வு அறம் என்றால் ஒரு படிவம் என்றுதான் நம் பல்கலைக்கழகங்களில் புரிந்து வைத்திருக்கிறோம். பங்கேற்பவரின் கையெழுத்து வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டது யார், எந்த நிலையில் போட்டார் என்று நாம் கேட்பதில்லை.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் 'பாத்' நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தியது. ஊசி போடப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். கம்மத்தில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள்.

பெற்றோர் ஊரில் இருக்க, விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763 அப்படிக் காப்பாளர்கள் போட்டவை, 1,948 கைநாட்டு. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்த பின், 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்றது அரசின் விசாரணை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

நான் தடுப்பூசிக்கு எதிராகப் பேசவில்லை. அந்த நோய் ஏழைப் பெண்களைத்தான் அதிகம் கொல்கிறது. ஊசி அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். என் கேள்வி வேறு. சோறும் படுக்கையும் யார் கையில் இருக்கிறதோ, அவரே அந்தச் சிறுமிக்காகச் சம்மதமும் சொன்னால், அவள் எங்கே போய் மறுப்பாள்?

சமூக அறிவியலில் இருக்கும் நாம் மட்டும் யோக்கியமா? ஊர்ப் பெரிய மனிதரின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, அவர் ஆளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு சேரிக்குள் நுழைகிறோம். "இங்கே தீண்டாமை உண்டா?" என்று கேட்கிறோம். "அதெல்லாம் இல்லைங்க" என்று பதில் வருகிறது. அதைத் தரவு என்று எழுதிக்கொள்கிறோம். உண்மையைச் சொன்னவரின் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தெருவையும் வழக்கையும் அப்படியே அச்சிடுகிறோம். நாம் பட்டம் வாங்கிப் போய்விடுவோம். அவர் நாளைக்கும் அதே வயலில் கூலிக்கு நிற்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. அதிகாரம் உள்ள எவரும் பக்கத்தில் இல்லாமல், அவரவர் மொழியில் பேசிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் எதுவும் பறிபோகாது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். எழுதியதை அச்சுக்கு முன் அவர்களுக்கே படித்துக்காட்ட வேண்டும். அறக்குழுக்களில் தலித், பழங்குடி மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.