பத்துப் பேர் கூடாத பள்ளி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

   

ஆண்டறிக்கை வாசிக்கப்படும் இந்நாளில் வரவு செலவும் கட்டடப் பணியும் பேசப்படுவது முறையே. அவற்றோடு, ஒரு வணக்கத்தலம் எதனால் உயிர் வாழ்கிறது என்பதையும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதற்குப் படிப்பினையாகக் கேரளத்து யூதர்களின் வணக்கத்தலங்களைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

"பாலஸ்தீனத்தில் நம் சகோதரர்கள் படும் துயரைக் கண்டு நெஞ்சம் வெந்து கொண்டிருக்கையில், யூதர்களின் பள்ளியைப் பற்றிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அந்தத் துயரில் நாமும் பங்குடையோம். அம்மக்களுக்காகக் கையேந்தாத தொழுகை நம்மிடம் இல்லை. ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது சூரா மாயிதாவின் 8ஆம் வசனம் தரும் கட்டளை. சூரா ஹஜ்ஜின் 40ஆம் வசனமோ, இறைநாமம் கூறப்படும் இடங்களை எண்ணும்போது மடங்களையும், கிறித்தவ ஆலயங்களையும், யூதர்களின் வணக்கத்தலங்களையும், மஸ்ஜிதுகளையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. அல்லாஹ் பெயர் கூறிக் குறிப்பிட்ட ஓரிடத்தைப் பற்றி அறிவது நமக்கு இழுக்காகாது.

கூடும் இல்லம்

யூதர்களின் பலி வழிபாடு ஜெருசலேம் ஆலயத்திற்கே உரியதாயிருந்தது. அவ்வாலயத்தைக் கி.மு. 586இல் பாபிலோனியரும், மீண்டும் எழுப்பப்பட்டதைக் கி.பி. 70இல் உரோமரும் அழித்தனர். அதன்பின் பலிக்கு இடமில்லை. தொழுகையும் வேதம் ஓதுதலும் கல்வியுமே எஞ்சின. அவற்றிற்குரிய இடத்தை எபிரேய மொழியில் 'பேத் கெனேசெத்' என்பர். 'கூடும் இல்லம்' என்பது அதன் பொருள். 'ஜமாஅத்' என்னும் நம் சொல்லும் கூடுதலையே குறிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கே உருவச் சிலைகள் இல்லை. தோலில் கையால் எழுதப்பட்ட தவ்ராத் சுருள்கள் வைக்கப்படும் பேழை ஜெருசலேம் நோக்கிய சுவரில் அமைந்திருக்கும். கேரளத்தில் அது மேற்குச் சுவர். பேழையின் முன் அணையா விளக்கு. நடுவில் வேதம் ஓதும் மேடை. பெண்களுக்குத் தனி இடம். ஆண்கள் தலையை மூடியிருப்பர். நாள்தோறும் மூன்று வேளைத் தொழுகை உண்டு. திங்கள், வியாழன், சனி ஆகிய நாட்களில் சபையில் தவ்ராத் ஓதப்படும்.

இவை அனைத்திற்கும் மேலான ஒரு விதி உண்டு. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான், அவர்தம் மரபுப்படி, சபைத் தொழுகை நிறைவேறும். ஒன்பது பேர் இருந்தால் சுருளைத் திறந்து சபையில் ஓத இயலாது. ஜும்ஆவுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் நாற்பது பேர், ஹனஃபி மத்ஹபில் இமாம் நீங்கலாக மூவர் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் எண்ணிக்கை வகுத்திருப்பதை நாம் அறிவோம்.

மலைக்கு அப்பால்

நம் பனவடலிசத்திரத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் கேரளம். அங்கே ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு வழங்கி, 'அஞ்சுவண்ணம்' என்ற உரிமையையும் 72 சிறப்புகளையும் அளித்தார். அதே பெயரை நம் மக்கள் வாழும் தக்கலை அஞ்சுவண்ணம் இன்றும் தாங்கி நிற்கிறது. கடல் வணிகத்தில் இரு சமூகத்தாரும் கொண்டிருந்த பழந்தொடர்பின் சாட்சி அது.

கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி, அரசர் அளித்த நிலத்தில், 1568இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. 1662இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கிச் சேதப்படுத்தினர். பின்னர் டச்சுக்காரர் காலத்தில் சீரமைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹபி என்னும் வணிகர் மணிக்கூண்டு கட்டினார். சீனத்திலிருந்து நீலமும் வெண்மையுமான கைவண்ண ஓடுகளைத் தருவித்துத் தரை பாவினார். காலணி கழற்றியே உள்ளே செல்வர். பெண்கள் பகுதியின் முன், மாடியில் இரண்டாவது ஓதும் மேடை இருப்பது கேரளப் பள்ளிகளின் தனிச்சிறப்பு. சேந்தமங்கலத்திலோ கோயிலும், தேவாலயமும், மஸ்ஜிதும், யூதப் பள்ளியும் அருகருகே அமைந்தன.

அவர்களிடையே பட்டம் பெற்ற ரப்பிகள் இருந்ததில்லை. ஓதத் தெரிந்த பெரியவர்களே தொழுகை நடத்தினர். பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்தனர். அவ்வாறே பல நூற்றாண்டுகள் பள்ளிகளை உயிருடன் வைத்திருந்தனர்.

1948க்குப் பின், பெரும்பாலும் 1950களில், அம்மக்கள் இஸ்ரேல் சென்று குடியேறினர். மாளாவில் இருந்த பள்ளி 1955இல் பஞ்சாயத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சேந்தமங்கலத்துப் பள்ளியும் பறவூர்ப் பள்ளியும் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்கள் ஆயின. மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலைப்பாடுகள் ஜெருசலேம் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. எஞ்சிய கட்டடம் 2019 மழையில் இடிந்து சரிந்தது. பரதேசிப் பள்ளியின் ஓடுகள் இன்றும் பளபளக்கின்றன, சரவிளக்குகள் தொங்குகின்றன. ஆனால் உள்ளூர் மக்களைக் கொண்டு பத்துப் பேரைத் திரட்ட இயலாத நிலை வந்தது. வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிறைவுறும் என்றாயிற்று.

கொல்கத்தாவிலும் இதே நிலைதான். 1884இல் கட்டப்பட்ட மாகேன் டேவிட் பள்ளியில் தொழுவோர் அருகிவிட்டனர். அங்கே விளக்கைத் துடைத்து, கதவைத் திறந்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவோர் ஒரிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தினர். அவர்கள் தம் தொழுகையையும் விடவில்லை. பிறர் ஒப்படைத்த அமானிதத்தையும் கைவிடவில்லை. சூரா ஹஜ்ஜின் அவ்வசனத்திற்கு இதைவிட அழகிய விளக்கவுரை வேண்டுமோ?

நமக்குரிய பாடம்

ஜமாஅத்தார்களே! சத்திரம் என்று பெயர் கொண்ட ஊர் நம்முடையது. சத்திரத்திற்கு வழிப்போக்கர் போதும்; பள்ளிக்கு ஊரார் வேண்டும். பளிங்கு பதிப்பதும் மினாரா உயர்த்துவதும் நன்மையே. ஆனால் பள்ளிகளை யார் பரிபாலிப்பர் என்று சூரா தவ்பாவின் 18ஆம் வசனம் கூறுமிடத்தில் கல்லும் மண்ணும் பேசப்படவில்லை. ஈமானும், தொழுகையும், ஸகாத்தும், அல்லாஹ்வை அன்றி எவருக்கும் அஞ்சாமையுமே பேசப்படுகின்றன.

நம் பிள்ளைகளும் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் செல்கின்றனர். செல்வது குற்றமன்று, ரிஸ்கைத் தேடுவது கடமை. ஊரில் இருப்போர் ஃபஜ்ரில் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி. ஜும்ஆவில் தெருவரை நிற்கும் ஸஃப்பு, ஃபஜ்ரில் ஒரு வரிசைக்கும் குறைவதேன்? கொச்சியின் மக்கள் கடல் கடந்து சென்றதால் பள்ளி வெறுமையாயிற்று. நாமோ பக்கத்துத் தெருவில் உறங்கிக்கொண்டே நம் பள்ளியை வெறுமையாக்குகிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். வீட்டுக்கு ஒருவரேனும் ஃபஜ்ருக்கு வாருங்கள். பிள்ளைகளை மக்தபுக்குத் தவறாது அனுப்புங்கள். ஓதத் தெரிந்த தலைமுறை இருக்கும்வரை பள்ளி அழியாது. விடுமுறையில் ஊர் வரும் மகனைக் கைபிடித்து முதல் ஸஃப்பில் நிறுத்துங்கள்; அவன் பெயரில் தரும் சந்தாவைவிட அவன் வருகை பள்ளிக்கு மேலானது.

மஸ்ஜிதோடு உள்ளம் பிணைந்தவர், நிழலில்லாத அந்நாளில் அர்ஷின் நிழல் பெறும் எழுவருள் ஒருவர் என்பது நபிமொழி. அந்த நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! நம் பள்ளியைத் தொழுவோரால் நிரப்புவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.