இஞ்சிவேர் சென்ற வழி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சொல்லாராய்ச்சி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். அடுக்களையிலும் மருத்துவர் பேழையிலும் ஒருங்கே இடம்பெற்ற 'இஞ்சி' என்னும் சிறு சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

கி.பி. முதல் நூற்றாண்டினரான கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், இஞ்சி செரிமானத்திற்கு நல்ல மருந்து எனத் தம் நூலில் குறித்தார். அஃது அரபு நாட்டில் விளைவது என்றும் எழுதினார். பல கை மாறி வந்த சரக்கின் பிறந்தகத்தை அவர் அறியார். ஆயினும் அவர் எழுதிய 'சிங்கிபெரிஸ்' என்னும் பெயர் உண்மையை மறைக்கவில்லை.

இஞ்சியைப் பாலி மொழி 'சிங்கிவேர' என்னும். வடமொழி 'சிருங்கவேர' என்னும். கொம்பு போன்ற உடலுடையது என வடநூலார் அதற்குப் பொருள் உரைப்பர். அது பின்னர்க் கற்பித்த பொருள் என்றும், ஈற்றில் நிற்பது நம் 'வேர்' என்றும் மொழிநூலார் கொள்வர். அங்ஙனமாயின் முதலில் நின்ற சகரம் எங்கே? சிறகு 'இறகு' என்றும், சிப்பி 'இப்பி' என்றும் வழங்குவதை நாம் அறிவோம். இவ்வாறு சகரம் மறைவதைப் பேராசிரியர் பரோ 1947-இல் விரிவாக ஆராய்ந்தார்.

கிரேக்கச் சொல் இலத்தீன் வழியே சென்று ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆயிற்று. அரபியில் அது 'சஞ்சபீல்'. 1807-இல் ரோஸ்கோ என்பார் இச்செடிக்கு இட்ட நூற்பெயர் 'ஜிஞ்ஜிபர் அஃபிசினேல்'. பின்சொல்லுக்கு மருந்துச்சாலைக்கு உரியது என்பது பொருள். முன்சொல்லின் கடைசியில் நம் 'வேர்' இன்றும் ஒலிக்கின்றது.

உலக மொழிகளெல்லாம் தமிழே எனப் பறைசாற்ற நான் வரவில்லை. 'இஞ்சி' என்னும் முற்பகுதி கீழ்த்திசை மொழியொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பாரும் உளர். கொள்ளலும் கொடுத்தலும் மொழிக்கு இழுக்கல்ல.

தில்லிக் கடைத்தெருவில் நாம் 'அதரக்' என்று கேட்டு வாங்குகிறோம். அதுவும் நற்சொல்லே, ஈரமுடையது எனப் பொருள்படும் 'ஆர்த்ரக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஆனால் வீட்டிற்குள்ளும் அதரக் என்றே சொல்லும் பிள்ளைகள் பலர். என் பேரனும் அவர்களுள் ஒருவன். அவனைக் கடிந்து பயனில்லை. அவன் செவியில் அச்சொல்லை இடாத குற்றம் எம்முடையது.

கடல் கடந்தும் தன் வேரை விடாத சொல், தில்லித் தமிழர் அடுக்களையில் மறைந்துபோகலாமா? கடையில் அதரக் என்றே கேட்போம். வீட்டில் ஈரமாய் இருக்கையில் இஞ்சி என்றும், காய்ந்தபின் சுக்கு என்றும் நம் பிள்ளைகள் காதில் விழும்படி நாள்தோறும் சொல்லுவோம்.