நின்ற இடத்தில் நடக்கும் பொறி

நடந்தால் ஓர் ஊர் போய்ச் சேரவேண்டும். அதுதான் நடையின் இயல்பு. நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தும், புறப்பட்ட இடத்தைவிட்டு ஓரடிகூட நகராமலிருக்கும் விந்தையை இன்று பல வீடுகளில் காண்கிறோம். டிரெட்மில் என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் நடைப்பொறியைத்தான் சொல்கிறேன். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மட்டுமன்று, வயல் சூழ்ந்த சிற்றூர்களிலுங்கூட, முன்பு நெல்மூட்டை அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் இப்பொறி இடம் பிடித்துவிட்டது. புதிதாக வாங்கியவை சில. ஒருவர் ஆசையோடு வாங்கி, ஆறு மாதம் நடந்து, பின்பு துணி உலர்த்தும் கொடியாக ஆக்கி, கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டவை பல. அத்தகைய பழைய பொறி பழுதுபட்டால் அதை எவ்வாறு ஆராய்வது, எவ்வாறு செப்பனிடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். மாணவ நண்பர்களே, நீங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனியே படிக்கும் உராய்வு, மின்னோட்டம், காந்தம் ஆகிய மூன்றும் இந்த ஒரு பொறிக்குள் கூடி வாழ்கின்றன.

ஓரிடத்திலேயே நடப்பது நமக்குப் புதிதன்று. மின்சாரப் பம்பு வருவதற்கு முன் தமிழ்நாட்டு வயல்களில் ஏற்றம் மிதித்தார்கள். நட்ட தூணின்மேல் துலாமரம் ஒன்று ஊசலாடும். அம்மரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்களுடைய உடலின் எடையே நீர் மொள்ளும் சாலைத் தாழ்த்தும், உயர்த்தும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்குத் தவறாமலிருக்கப் பாட்டும் உண்டு. அந்த நடைக்குப் பலன் வயலில் பாய்ந்த தண்ணீர். இங்கிலாந்திலோ, 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளை நடக்கவைப்பதற்கென்று படிகள் பொருத்திய பெரிய சக்கரம் ஒன்றை அமைத்தார். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது; வேறு சில சிறைகளில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றது. 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. டிரெட்மில் என்ற பெயரின் பின்பாதியிலுள்ள ‘மில்’ அந்த அரைக்கும் ஆலையின் எச்சமே. கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் உடற்பயிற்சியைப் பற்றி 1968-இல் எழுதிய நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க விலையில் நடைப்பொறியை உருவாக்கினார். ஏற்றத்தில் மனிதன் பொறியை இயக்கினான். வீட்டு நடைப்பொறியிலோ பொறி மனிதனை இயக்குகிறது. பழுதுகளெல்லாம் இந்தத் தலைகீழ் மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

பொறியின் அமைப்பைப் பார்ப்போம். வழுவழுப்பான நீண்ட பலகை ஒன்று. அதன் இரு முனைகளிலும் இரண்டு உருளைகள். அவற்றைச் சுற்றி முடிவில்லாத ரப்பர்ப் பட்டை. நாம் காலை வைப்பது இந்த நடைப்பட்டையின்மேல். முன்பக்க மூடிக்கு அடியில் மோட்டார் இருக்கிறது. அதிலிருந்து வேறொரு சிறிய பெல்ட்டு முன்னுருளையைச் சுழற்றும். பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் உள்ளது நேர்மின்னோட்ட மோட்டார். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேராக்கி, வேண்டிய அளவு மட்டும் மோட்டாருக்குக் கொடுக்கும் வேலையை ஒரு போர்டு செய்கிறது. நாம் விசையை அழுத்தி வேகத்தைக் கூட்டும்போது கட்டளை பெறுவது இந்தப் போர்டுதான். இதற்குமேல் பாதுகாப்புச் சாவி ஒன்று உண்டு. அதன் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளவேண்டும். நடப்பவர் தடுமாறினால் சாவி கழன்று பொறி நின்றுவிடும். பழைய பொறி வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது இந்தச் சாவியைத்தான். அது தொலைந்துபோன பொறி நன்றாயிருந்தாலும் புறப்படாது. சாவியில்லாமல் குறுக்குவழியில் ஓடச்செய்த பொறியாக இருந்தால் அதை வாங்கவே வேண்டா.

இனிப் பழுதுக்கு வருவோம். மிகச் சாதாரணமான குறை இது: ஆள் ஏறாதபோது பொறி நன்றாக ஓடுகிறது, ஏறி நடந்தால் காலடிக்குக் காலடி தயங்கித் தயங்கி இழுக்கிறது. உடனே “மோட்டார் போய்விட்டது” என்று சொல்லிவிடுவார்கள். பொறுங்கள். கைப்பிடியை உறுதியாகப் பற்றிக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில், குதிகாலைச் சற்றே அழுத்தி நடக்கவேண்டும். மற்றொருவர் முன்பக்கத்து உருளையைத் தள்ளி நின்று கவனிக்கவேண்டும். பட்டை நிற்க, உருளை மட்டும் சுழன்றால் நடைப்பட்டை தளர்ந்துவிட்டது. உருளையும் நின்று, உள்ளே மோட்டார் மட்டும் சுழலும் ஒலி கேட்டால் சிறிய பெல்ட்டு வழுக்குகிறது. மோட்டாரும் சேர்ந்து திணறினால்தான் மின்சாரப் பக்கம் போகவேண்டும், அல்லது பலகையின் உராய்வை ஆராயவேண்டும். ஒரே சோதனையில் மூன்று வழிகள் பிரிந்துவிட்டன, பார்த்தீர்களா? செலவு ஒரு காசும் இல்லை.

நடைப்பட்டையின் இறுக்கத்தைச் சரிசெய்யப் பின்பக்கத்தில் இடமும் வலமும் இரண்டு போல்ட்டுகள் உண்டு. இரண்டையும் சமமாக, ஒரு தடவைக்குக் கால்சுற்றுக்கு மேற்படாமல் திருகவேண்டும். பட்டையின் நடுப்பகுதியில் ஓரத்தைக் கையால் தூக்கினால் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரை எழும்புவது பல பொறிகளுக்குச் சரியான அளவு. பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் போல்ட்டைக் கால்சுற்று இறுக்கி, இரண்டொரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். இங்கே அவசரம் ஆகாது. போல்ட்டைத் திருகியவுடன் பட்டை நகர்வதில்லை. அது மெல்ல மெல்லத்தான் இடம் மாறும். நகரவில்லையே என்று மேலும் மேலும் திருகுவோர் பட்டையை மறுபக்கம் ஓட்டிவிடுவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினாலோ உருளையின் பேரிங்கு தேய்ந்து கரகரக்கும்.

உராய்வுதான் இப்பொறியின் முதற்பகை. நாம் காலை ஊன்றும்போதெல்லாம் நம் எடை முழுவதும் பட்டையைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது. இடையில் மெல்லிய மசகுப் படலம் இருந்தால் பட்டை வழுக்கிச் செல்லும். அது வறண்டால், அதே வேகத்தில் ஓடுவதற்கு மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுத்த பொறி ஆறு ஆம்பியர் இழுத்தால், சுமார் 690 வாட் என்பது 1380 வாட் ஆகிறது. கூடுதலாக வந்த வாட்டெல்லாம் நடையாக மாறவில்லை. பட்டை, மோட்டார், போர்டு ஆகியவற்றில் வெப்பமாக மாறிற்று. போர்டு எரிந்தது என்று கேள்விப்படும் இடங்களில், எரிந்தது போர்டானாலும் எரித்தது பல சமயம் வறண்ட பலகையே. புதுப் போர்டு மாட்டிப் பலகையை அப்படியே விட்டால் அதுவும் சில மாதங்களில் அதே வழி போகும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பட்டையின் ஓரத்தைத் தூக்கி, அடியில் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் சற்றே வழுக்கினால் நல்லது. வறண்டும் கருந்தூள் ஒட்டியும் இருந்தால் மசகு இடவேண்டும். இதற்கென்று உள்ளது சிலிக்கோன் எண்ணெய். நம் வீட்டுச் சமையலறையில் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இருப்பதால் அவற்றையே ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. அவை நாளடைவில் பிசின்போல் இறுகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயோ ரப்பரைக் கெடுக்கும். மெழுகு பூசியே விற்கப்படும் பலகைகளும் உண்டு. அவற்றுக்கு எண்ணெய் கூடாது என்று பொறியின் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். குறிப்பேடு கைமாறும்போது தொலைந்துபோவது வழக்கமாதலால் பொறியின் பெயரையும் எண்ணையும் கொண்டு அதைத் தேடி எடுத்துக்கொள்வது நல்லது.

எனக்கு உறவுமுறையில் பெரியப்பா ஆகவேண்டிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறார். நீரிழிவுக்காக நாள்தோறும் நடக்கச் சொன்னார் மருத்துவர். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பும் தெருவும் சேறாகிவிடும், பார்வையும் குறைவு. எனவே பழைய நடைப்பொறி ஒன்றை வாங்கிப் போட்டார்கள். ஒரு மாதம் ஓடிற்று. பிறகு விசையை அழுத்தினால் ஐந்தாறு விநாடி ஓடும், நின்றுவிடும். திரையில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் தோன்றும். பார்க்க வந்த ஒருவர் மூடியைக்கூடத் திறக்காமல், போர்டு மாற்றவேண்டுமென்று பொறியை வாங்கிய விலையில் முக்கால் பங்கைக் கேட்டார். பெரியப்பா பொறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட முடிவுசெய்து நடையையும் நிறுத்திவிட்டார். நடை நின்ற சில வாரங்களில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. வீட்டிலே கவலை சூழ்ந்தது.

கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி காரணத்தை எண்ணிப் பார்த்தாள். ஐந்து விநாடி ஓடுகிறதென்றால் மின்சாரம் வருகிறது, போர்டு கட்டளையை ஏற்கிறது, மோட்டாரும் சுழல்கிறது. பின் ஏன் நிற்கவேண்டும்? முன்னுருளையின் சக்கரத்தில் சிறிய காந்தம் ஒன்று பதித்திருப்பார்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் அருகிலுள்ள உணர்கருவியைக் கடக்கும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் போர்டு வேகத்தை அறியும். துடிப்பு வராவிட்டால், “வேகம் தெரியவில்லை, ஆபத்து” என்று தானே நிறுத்திக்கொள்ளும். ஒரு மின்பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தார்கள். உணர்கருவி தன் பிடியிலிருந்து நழுவிக் காந்தத்தைவிட்டு விரலகலம் விலகியிருந்தது. அதைப் பழைய இடத்தில், காந்தத்தோடு உரசாமல் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தித் திருகாணியை முடுக்கினார்கள். பொறி ஓடிற்று. பெரியப்பா மறுநாள் காலையிலேயே நடக்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

நம் டெல்டாவுக்கென்றே சில பழுதுகள் உண்டு. அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து பறக்கும் பதரும் உமித்தூளும் மோட்டார் மூடிக்குள் புகுந்து, காற்றோட்டத்தை அடைத்துச் சூட்டை வளர்க்கும். உலர்ந்த தூரிகையால் அவற்றை அகற்றவேண்டும், ஈரத்துணி கூடாது. வயலில் இரை குறைந்ததும் எலிகள் வீட்டை நாடும். மூடிக்குள் இருக்கும் மென்கம்பிகள் அவற்றுக்கு விருந்து. திரை எரியாமல் பொறி ஊமையாய்க் கிடந்தால், போர்டிலிருந்து கைப்பிடித் தண்டுக்குள் ஏறும் கம்பியைத்தான் முதலில் பார்ப்பேன். மழைக்காலத்து ஈரம் இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். கழற்றித் துடைத்து மாட்டினாலே போதும்.

இன்னொன்று மின்னழுத்தம். வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல மின்கம்பிக்கும் கடைமடை உண்டு. வழியெல்லாம் பாய்ச்சிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் குறைவதைப்போல, பம்புசெட்டுகள் பல ஓடும் வேளையில் வரிசையின் கோடியிலிருக்கும் வீட்டுக்கு வோல்ட் குறைந்து வரும். வேகத்தைக் காக்கவேண்டிய போர்டு அப்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் பொறியை மாட்டுவதும் இதே தவறுதான். கம்பியின் தடை இரண்டு ஓம், மின்னோட்டம் ஆறு ஆம்பியர் என்றால், ஓம் விதிப்படி 12 வோல்ட் வழியிலேயே போய்விடும். 72 வாட் வெப்பம் அக்கம்பியில் எழும். ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட்டில், எர்த் இணைப்புடன், நேராக மாட்டவேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல சிற்றூர்கள் நாட்கணக்காக இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நிறுத்தத்துக்குப் பின் மின்சாரம் திரும்பும் நேரத்தில் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கக்கூடும். நடக்காத வேளையில் பிளக்கைக் கழற்றி வைப்பது போர்டைக் காக்கும்.

மூடியைத் திறக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் போர்டிலுள்ள மின்தேக்கிகளில் மின்னேற்றம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து, வோல்ட் இறங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்ட பின்பே, விவரமறிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க, கை வைக்கவேண்டும். பட்டை, எண்ணெய், தூசி, போல்ட்டு ஆகியவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். போர்டைச் சூட்டுக்கோல் கொண்டு செப்பனிடுவது பழகியவர் வேலை. சட்டமே வெடித்த பொறியையும், அடுக்கு பிரிந்து பிளந்த பலகையையும், தொட்டால் அதிரும் பொறியையும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கலாகாது.

செப்பனிட்ட பொறியை வைக்கும் இடமும் செப்பத்தைச் சேர்ந்ததே. பின்பக்கம் சுவரை ஒட்டி வைத்தால், தவறி விழுந்தவர் சுவருக்கும் ஓடும் பட்டைக்கும் இடையில் சிக்கிக்கொள்வார். பின்னால் இரண்டு மீட்டராவது வெற்றிடம் வேண்டும். ஓடும் பட்டையைத் தொட்டுப் பார்க்கும் குழந்தையின் உள்ளங்கைத் தோல் நொடியில் உரிந்துவிடும். அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு, பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று குழந்தையொன்றின் சாவுக்குப் பின் தன் நடைப்பொறிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரியப்பா வீட்டிலும் இரண்டு சிறு பிள்ளைகள் உண்டு. அவருடைய நடை முடிந்ததும் பாதுகாப்புச் சாவி கழற்றப்பட்டு, உயரத்திலுள்ள பஞ்சாங்க ஆணியில் தொங்கும்.